25 கிலோ மாவு மூட்டை: நாள்பட்ட இடுப்புவலியில் உடற்பயிற்சி சிகிச்சை – ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 43 வயது ஆண். சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் ஒரு காப்பிக் கடையில் பரோட்டா மாஸ்டர். 14 மாதங்களாகக் கீழ்முதுகில் வலி, காலுக்கு இறங்கவில்லை. பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குப் போய், அறுவை சிகிச்சை தேவையில்லை என்று அங்கே முடிவாகி, எங்கள் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. பரிசோதனையில் இவர் முதுகில் பெரிய கோளாறு எதுவும் தென்படவில்லை. ஆனால் "எடை தூக்காதே, குனியாதே" என்று யாரோ சொன்னதைப் பல மாதங்களாக ஒரு விரதம்போலக் கடைப்பிடித்திருந்தார். வலி முடக்கியதைவிட அந்த அறிவுரை முடக்கியதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் எதைத் தொடவே கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தாரோ, அந்த 25 கிலோ மைதா மூட்டையையே சிகிச்சையின் இலக்காக வைத்தோம்.

வரலாறு

அதிகாலை 4 மணிக்குக் கடைக்குள் நுழைபவர் வெளியே வர மாலை 4 ஆகும். மாவு பிசைவது, உருண்டை பிடித்து நெய் தடவி ஊறவிடுவது, வீசுவது, கல்லில் போட்டெடுப்பது, நடுநடுவே பின்பக்கக் கிடங்கிலிருந்து எண்ணெய் டின்னையும் மாவு மூட்டையையும் கொண்டுவருவது என்று வேலை ஓயாது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறார். ஐந்து மணி நேரம் தூங்கினால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

வலி தொடங்கியது ஒரு விடியற்காலையில். மூட்டையை அடித்தட்டிலிருந்து இழுத்தபோது "சுரீர்னு பிடிச்சுக்கிச்சு". ஒரு வாரம் படுக்கை. மூன்று வாரத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது, பிறகு போகவேயில்லை. கோடாலித் தைலம், வலிப் பிளாஸ்டர், எண்ணெய் போட்டு உருவிவிடுவது, சீன மருத்துவரிடம் ஊசி குத்திக்கொள்வது என எதையும் விட்டுவைக்கவில்லை. "ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும் மேடம். மூணாம் நாள் பழைய குருடி கதவைத் திறடிதான்."

பிறகு எம்ஆர்ஐ எடுத்தார்கள். நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் சற்றே புடைத்திருந்தது. எந்த நரம்பையும் அழுத்தவில்லை. அந்த அறிக்கையைப் பார்த்த ஒருவர் சொன்ன வாக்கியத்தை இவர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்: "ஜவ்வு விலகியிருக்கு, இனிமே வெயிட் தூக்காதீங்க, குனியாதீங்க, பெல்ட் இல்லாம வேலைக்குப் போகாதீங்க." சொன்னவர் அடுத்த நோயாளி வந்ததும் மறந்திருப்பார். கேட்டவர் அதன்படியே வாழத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டு மணி நேரமும் இடுப்பில் பெல்ட். மூட்டை தூக்குவது உடன் வேலை செய்யும் தம்பியின் பொறுப்பு. செருப்பு மாட்டவும் நாற்காலி வேண்டும். மெத்தையை விட்டுத் தரையில் படுக்கை. ஏழு வயது மகனைத் தூக்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆண்டு தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவர் அதையும் நிறுத்திவிட்டார்.

வேலையிடத்தில் நெருக்கடி வேறு. இங்கே வேலை நியமனச் சட்டப்படி ஊதியத்தோடு கிடைக்கும் வெளிநோயாளி மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். முந்தைய ஆண்டில் அத்தனையும் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பும் எடுத்திருந்தார். கடை முதலாளி நல்ல மனிதர்தான். இருந்தாலும், "இன்னொரு மாஸ்டரைப் பார்த்துக்கிட்டிருக்காரோன்னு தோணுது" என்றார். எந்த அளவுகோலிலும் இந்தப் பயத்துக்குக் கட்டம் கிடையாது. நான் அதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

பரிசோதனை

முதலில் ஆபத்து அறிகுறிகளைத் தள்ளிவைக்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சிப் பேச்சை நிறுத்திவிட்டு நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். தாமதம் நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். இதை ஒரு பெண் கேட்கும்போது நம் ஆண்களில் பலர் கேள்வி முடிவதற்குள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்று சொல்லிவிடுவார்கள். சுற்றிவளைத்துக் கேட்டால் சுற்றிவளைத்த பதில்தான் வரும். "அண்ணே, சைக்கிள் சீட்டுல உட்கார்ந்தா எந்த இடம் படுமோ, அந்த இடத்துல துணி உரசுறது தெரியுதா, மரத்த மாதிரி இருக்கா?" என்று நேராகக் கேட்டபோது சற்று யோசித்து, தெரிகிறது என்றார். அந்த யோசனைதான் எனக்கு வேண்டியிருந்தது.

காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, புற்றுநோய் வரலாறு, நெடுநாள் ஸ்டீராய்டு, விழுந்து அடிபட்டது எதுவும் இல்லை. காசநோய் பற்றியும் கேட்டேன். முதுகெலும்புக் காசநோய் வெறும் இடுப்புவலியாகத் தொடங்கக்கூடும் என்பதால் இந்தக் கேள்வியை நான் விடுவதில்லை. கால்களின் பலம், உணர்ச்சி, முழங்கால், கணுக்கால் அனிச்சைகள் இயல்பு. மல்லாந்து படுக்கவைத்துக் காலை நீட்டியபடி உயர்த்தியதில் இருபுறமும் 70 பாகை வரை வலி இல்லை, தொடையின் பின்பக்கம் இழுத்தது மட்டுமே.

நின்று குனியச் சொன்னால் விரல்நுனி தரையிலிருந்து 41 செ.மீ. உயரத்தில் நின்றுவிட்டது. படுத்த நிலையில் முழங்கால்களை மார்போடு அணைக்கச் சொன்னபோது அதே முதுகு தாராளமாக வளைந்தது. வளைய முடியாத முதுகு என்றால் இரண்டு நிலையிலும் வளையக்கூடாது. குப்புறப் படுத்து உடலின் மேல்பாதியை மேசைக்கு வெளியே அந்தரத்தில் தாங்கும் சோரன்சன் சோதனையில் 38 விநாடி தாக்குப்பிடித்தார்.

பிறகு தரையில் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்து எடுக்கச் சொன்னேன். கையை நீட்டும் முன்பே மூச்சைப் பிடித்தார். வயிற்றை இறுக்கினார். இரண்டு முழங்காலையும் தரையைத் தொடுமளவு மடக்கி, முதுகை விறைப்பாக வைத்து, பெட்டியை மார்போடு அணைத்தபடி தொடை நடுங்க எழுந்தார். நெற்றியில் வியர்வை. அந்தப் பெட்டி அரைக் கிலோகூட இருக்காது.

வேலையைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தேன். கடைத் தம்பி கைப்பேசியில் எடுத்த காணொளி பல கேள்விகளுக்குப் பதில் சொன்னது. வீச்சுதான் வலிக்குக் காரணம் என்று இவர் உறுதியாக நம்பினார். காணொளியிலோ வீசும்போது உடம்பு நன்றாக அசைகிறது. தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் வேலை செய்கின்றன, முகத்தில் வலியின் சாயலே இல்லை. சிக்கல் மற்ற இரண்டு இடங்களில் இருந்தது. பிசையும் மேசை அவர் உயரத்துக்கு மிகத் தாழ்வு, பலகை தொடையின் நடுவில் வருகிறது. அங்கே குனியக்கூடாது என்று முழங்காலைப் பூட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் தொங்கவிட்டு நிற்கிறார். இன்னொன்று, கல்லுக்கு முன்னால் அரை மணி நேரம் அசையாமல் நிற்பது. பெல்ட்டுக்கு மேலே சட்டை நனைந்திருக்கிறது. ஒரு தடவைகூட எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றவில்லை.

மதிப்பீடு

சராசரி வலி 10க்கு 6. அன்றாட முடக்கத்தை அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோலில் 42 சதவீதம். 41 முதல் 60 வரை கடுமையான முடக்கம் என்று கணக்கு. வலி நீடிக்கும் வாய்ப்பை எடைபோட இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்டார்ட் பேக் என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் மொத்தம் 6. அதில் மனநிலை சார்ந்த ஐந்து கேள்விகளில் 4. இது அதிக ஆபத்துப் பிரிவு. "உடம்பை அசைப்பது எனக்குப் பாதுகாப்பானது இல்லை" என்ற வரிக்கு ஆம் என்று குறிக்கும்போது இவர் பேனா தயங்கவே இல்லை.

எங்கள் முடிவு: குறிப்பிட்ட கட்டமைப்புக் காரணம் இல்லாத நாள்பட்ட இடுப்புவலி. அசைவின் மீதான பயம், நீண்ட நேரம் தசைகளை இறுக்கிவைக்கும் பழக்கம், எடை தூக்கும் திறன் குறைந்துபோனது, தூக்கக் குறைவு, தாழ்ந்த மேசை எல்லாம் சேர்ந்து அதை நீட்டிக்கின்றன.

அவர் விருப்பப்படியே மூன்று இலக்குகளை எழுதினோம்: மூட்டையைத் தானே தூக்குவது, பெல்ட் இல்லாமல் முழு ஷிப்ட் நிற்பது, பால்குடம் எடுப்பது.

சிகிச்சை

முதல் சந்திப்பில் பாதிக்கு மேல் பேச்சுத்தான். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். வலி தெரியாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இதே மாதிரி டிஸ்க் புடைப்பு இருக்கிறது. 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு உண்டு. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்போ எனக்கு மட்டும் ஏன் மேடம் வலிக்குது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. வலி உண்மையானது, கற்பனை இல்லை என்பதை முதலில் சொன்னேன். பிறகு, அடிபட்டது ஆறிய பின்னும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கலாம், நாள் முழுக்க இறுகிய தசை அதனாலேயே வலிக்கலாம், தூக்கமில்லாத உடம்பில் வலி கூடுதலாகத் தெரியும் என்று விளக்கினேன். முழுதாக நம்பினார் என்று சொல்லமாட்டேன். பயிற்சியில் நேரில் கண்ட பிறகுதான் நம்பிக்கை வந்தது.

முதல் மூன்று வாரம் குனிவதற்கு மட்டும். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை விட்டபடி கைகளைத் தரை நோக்கித் தொங்கவிடுவது. தவழும் நிலையில் முதுகை மேலும் கீழும் வளைப்பது. படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. மூச்சைப் பிடிக்கக்கூடாது என்பதற்காக எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லவைத்தேன். வேலை முடிந்து வரும்போது பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கவும் சொன்னேன். பெல்ட்டை ஒரேயடியாகக் கழற்றச் சொல்லவில்லை. வீச்சு நேரத்தில் மட்டும், அதாவது அவர் உடம்பு நன்றாக அசையும் நேரத்தில், ஒரு மணி நேரம் கழற்றிவைக்கச் சொன்னேன். பிறகு வாரத்துக்கு வாரம் அது நீண்டது.

நான்காம் வாரத்திலிருந்து எடை. இடுப்பிலிருந்து மடங்கிப் பொருளை எடுக்கும் முறையைப் பழக்கினோம். முதலில் முழங்கால் உயரத்தில் வைத்த 6 கிலோ எடை, பிறகு தாழ்ந்த முக்காலி, பிறகு தரை. கூடவே எடையை மார்போடு பிடித்து உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது, ஒரு கையில் எடையோடு நடப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை, மூன்று சுற்று, வாரம் இரண்டு அல்லது மூன்று நாள். கடைசிச் சுற்றில் இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலை அடுத்தடுத்து இரு தடவை வந்தால் எடையைக் கூட்டலாம். வலி 10க்கு 4 வரை போனால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இந்த ஒரு விதி பல மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தியது. வலித்தால் நிறுத்து என்று அதுவரை கேட்டுப் பழகியவருக்கு, எந்த அளவு வலி சரி என்று எண்ணில் சொன்னது பிடித்துப்போனது.

பயிற்சி நாட்களுக்கு நடுவே ஓய்வு எதற்கு என்று கேட்டார். பிசைந்த மாவை ஊறவிடாமல் வீசினால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டேன். "கிழிஞ்சிடும்" என்றவர், அதற்குமேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எந்தப் பயிற்சி என்பதைவிட எப்போது செய்வது என்பதில்தான் சிக்கலே இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வருபவரிடம் நாற்பது நிமிடம் பயிற்சி செய்யுங்கள் என்று தாளைக் கொடுப்பது, செய்யமாட்டார் என்று தெரிந்தே கொடுப்பதுதான். அந்த ஆங்கிலத் தாளை இவர் வாசிக்கவும் போவதில்லை. அதனால் பயிற்சியைத் துண்டு துண்டாக்கினோம். மாவு உருண்டைகள் ஊறும் வேளையில் கடையின் பின்சந்தில் பத்து நிமிடம். கல்லில் கூட்டம் குறைந்தால் இரண்டு நிமிடம் இடுப்பை அசைத்து எடையைக் கால்மாற்றி நிற்பது. வீட்டில் வாரம் இரண்டு முறை எடைப் பயிற்சி. ஜிம் எல்லாம் வேண்டாம், அடுப்படியில் இருக்கும் 5 கிலோ அரிசிப் பை போதும். பிறகு 10 கிலோ பை. பிறகு இரண்டையும் ஒரே துணிப்பையில் போட்டு. செய்முறையை அவருடைய கைப்பேசியிலேயே தமிழில் பேசிப் பதிவுசெய்து கொடுத்தேன். பின்சந்தில் தொடக்கத்தில் கேலி இருந்தது என்று பிறகு தெரிந்தது. முதலாளி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனாராம். அத்தோடு கேலி நின்றுவிட்டது.

மேசை உயரம் பற்றிக் கடைக்கு ஒரு குறிப்பு எழுதினேன். ஏழாம் வாரத்தில் கால்களுக்கு அடியில் இரும்பு வைத்து 8 செ.மீ. உயர்த்திக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் வாரம்

சீனப் புத்தாண்டு விடுமுறையில் மற்றக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், பரோட்டாக் கடையில் வரிசை வாசலைத் தாண்டும். இரண்டு நாள் இடைவிடாமல் நின்றதில் வலி 8க்கு ஏறியது. பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் மருத்துவ விடுப்போடு வந்தார். "ஜவ்வு இன்னும் வெளிய வந்திருக்கும் மேடம், இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாமா?"

ஆபத்து அறிகுறிக் கேள்விகளை முதலிலிருந்து மறுபடியும் கேட்டேன், காலின் பலத்தையும் அனிச்சைகளையும் சோதித்தேன். எதுவும் மாறவில்லை. ஸ்கேன் தேவையில்லை என்று சொன்னதோடு, அன்றே பயிற்சியும் செய்தோம்: எடை பாதி, சுற்று ஒன்று. இருபது நிமிடத்தில் வலி 8லிருந்து 6க்கு இறங்கியது. இடுப்பு பிடித்திருக்கும்போதே குனிந்து எழ முடிகிறது என்பதை அவர் தன் உடம்பிலேயே கண்ட நாள் அது. என் பார்வையில் இந்தச் சிகிச்சை முழுவதிலும் அதிகம் வேலை செய்தது அந்த இருபது நிமிடம்தான். எல்லாம் சரியாகப் போயிருந்தால் அதற்கு வாய்ப்பே வந்திருக்காது. வலி ஏறினால் என்ன செய்வது என்று மூன்று வரியில் எழுதி அவர் கைப்பேசியில் வைத்தோம்: எடையைப் பாதியாக்கு, நடையை விடாதே, மூன்று நாள் கழித்துப் பழைய அளவுக்குத் திரும்பு.

முடிவுகள்

12 வாரத்தின் முடிவில் சராசரி வலி 6லிருந்து 3. ஆஸ்வெஸ்ட்ரி 42லிருந்து 18. சோரன்சன் 81 விநாடி. குனிந்தால் விரல்நுனிக்கும் தரைக்கும் 12 செ.மீ. ஸ்டார்ட் பேக் மனநிலைக் கேள்விகளில் 4லிருந்து 1. ஐந்தாம் வாரத்து இரண்டு நாள் தவிர மருத்துவ விடுப்பு எடுக்கவில்லை.

மூட்டையைப் பத்தாம் வாரத்தில் தூக்கினார். எங்கள் பயிற்சிக்கூடத்தில் மணல் பையை வைத்து அந்த எடையை ஏற்கெனவே எட்டியிருந்தார். ஆனால் மணல் பைக்குக் கைப்பிடி உண்டு, மாவு மூட்டைக்கு இல்லை; நழுவும், நடுவில் தொங்கும். கடையிலேயே, வியாபாரம் தொடங்கும் முன், மூட்டையை ஓரமாக நிமிர்த்தி உடம்போடு சாய்த்துத் தூக்கியதைத் தம்பி படமெடுத்து அனுப்பினார். முதுகு சற்று வளைந்துதான் இருந்தது. அதைத் திருத்தச் சொல்லி நான் எதுவும் எழுதவில்லை. முதுகு வளைவதற்காகத்தான் இருக்கிறது. படிப்படியாக எடைக்குப் பழகிய முதுகு வளைந்தபடி ஒரு மூட்டையைத் தூக்கினால் பதற வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. இதை ஏற்காத சக பிசியோக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு இந்த விவாதம் ஓயப்போவதில்லை.

விவாதம்

நாள்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி சிகிச்சை பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட மறுஆய்வு 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை ஏதும் பெறாதவர்களோடும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடும் ஒப்பிட்டால், பயிற்சி செய்தவர்களுக்கு 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 15 புள்ளி குறைந்தது. அன்றாடச் செயல்திறனில் கிடைத்த முன்னேற்றம் 7 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. குறிப்பிடத்தக்க மாற்றம் என்று அந்தக் குழுவே வகுத்திருந்த 10 புள்ளியை அது எட்டவில்லை. பயிற்சி செய்தால் வலி பறந்துபோகும் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த எண்களைப் படிப்பது நல்லது. ஆஸ்வெஸ்ட்ரியில் இவருக்குக் கிடைத்த 24 புள்ளி முன்னேற்றம் அந்தச் சராசரியைவிட மிக அதிகம். அதற்காக நான் பெருமைப்பட முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். அங்கிருந்து ஓரளவு தானாகவே இறங்கும். மேசையும் நடுவில் உயர்ந்தது. கவனித்துக் கேட்க ஒருவர் கிடைத்ததும் ஒரு மருந்துதான். எதற்கு எவ்வளவு பங்கு என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

எந்தப் பயிற்சி சிறந்தது என்பது நோயாளிகள் ஓயாமல் கேட்கும் கேள்வி. வயிற்றின் ஆழ்தசையைத் தனியாக இயக்கிப் பழக்கும் முறை ஒரு காலத்தில் எல்லா மருத்துவமனையிலும் கொடிகட்டிப் பறந்தது. 2016இல் வந்த இன்னொரு காக்ரேன் மறுஆய்வு, மற்றப் பயிற்சிகளைவிட அதற்குக் குறிப்பிடத்தக்க மேன்மை இல்லை என்றது. தசைபலம் எவ்வளவு கூடியது என்பதற்கும் வலி எவ்வளவு குறைந்தது என்பதற்கும் நெருங்கிய தொடர்பு தெரியவில்லை என்று 2012இல் ஒரு மறுஆய்வு சொன்னது. இவருடைய சோரன்சன் நேரம் இரண்டு மடங்கானது எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் வலி குறைந்தது அதனால்தான் என்று எழுதத் துணியமாட்டேன். எனக்கு நெருக்கமாகப் படுவது உளவியலாளர்கள் வ்லாயன், லிண்டன் இருவரும் 2000இல் விரித்துரைத்த பயம்–தவிர்ப்பு விளக்கம். வலியை ஆபத்து என்று எண்ணுபவர் அசைவைத் தவிர்க்கிறார், தவிர்ப்பதால் திறன் குறைகிறது, திறன் குறைந்த உடம்பு சிறு வேலைக்கே வலிக்கிறது, அந்த வலி பயத்தை உறுதிசெய்கிறது. காலிப் பெட்டிக்கு வியர்த்த மனிதரை அது நன்றாகவே விளக்குகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட இடுப்புவலிக்கான தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் தருவது, உடற்பயிற்சி, சில கைமுறைச் சிகிச்சைகள், மனநல அணுகுமுறை, அழற்சி குறைக்கும் மாத்திரை ஆகியவை பரிந்துரைப் பட்டியலில் உள்ளன. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு (அபின் சார்ந்த) வகை வலிமாத்திரைகள் வேண்டாம் என்கிறது. ஆனால் மருந்துக் கடையில் பெல்ட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கடையில் இவரைத் தவிர இன்னும் இருவர் அதை அணிந்துகொண்டு வேலை பார்ப்பதைக் காணொளியில் பார்த்தேன்.

நடையை விடாதே என்று வற்புறுத்தியதற்கும் ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் இடுப்புவலி வந்து தேறிய 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. பிசியோவின் வழிகாட்டலில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலையாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். அவர்கள் தேறியவர்கள், இவர் நாள்பட்ட நோயாளி. அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் காசில்லாத, கருவி வேண்டாத சிகிச்சை. பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையில்லையா என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். நிற்பதும் நடப்பதும் ஒன்றில்லை. கல்லுக்கு முன்னால் வலித்த இடுப்பு, பூங்கா இணைப்புப் பாதையில் கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடுவதாக அவரே குறித்துவைத்திருந்தார்.

மிச்சம்

ஆறாம் மாதம் மறுபடி பார்த்தபோது ஆஸ்வெஸ்ட்ரி 16, சராசரி வலி 3. நடுவில் ஒருமுறை வலி ஏறியிருக்கிறது. மருத்துவரிடம் போகாமல் அந்த மூன்று வரிகளை வைத்துச் சமாளித்தார், நான்காம் நாள் பழைய எடைக்குத் திரும்பினார். வீட்டில் எடைப் பயிற்சி வாரம் ஒன்றாகக் குறைந்துவிட்டது. மூட்டை தூக்குவது தினசரி வேலையாகிவிட்டதால் நான் அதை வலியுறுத்தவில்லை. பெல்ட் இடுப்பில் இல்லை, ஆனால் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் இருக்கிறது. எடுத்துப் போடச் சொன்னால் சிரிக்கிறார். மகனைத் தூக்குகிறார். "அவன்தான் இப்போ வேணாங்கிறான்."

தூக்கத்தில் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. விடிகாலை 4 மணி மாறாது, பிள்ளைகள் படுக்கும் நேரமும் மாறாது. மேலும் முன்னேற்றம் வேண்டுமென்றால் அடைப்பு அங்கேதான் இருக்கிறது என்று பலதுறை மருந்தக மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டேன். மூன்றாவது இலக்கான பால்குடத்துக்கு இன்னும் மாதங்கள் இருப்பதால் அந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடவில்லை. தலையில் எடையோடு நீண்ட தூரம் நடப்பதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று சொல்லி, தைக்கு எட்டு வாரம் முன்னதாக வரும்படி நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.